கரையில் கிடக்கும் வெள்ளை மணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதில் 640க்கு மேற்பட்ட கண்டெய்னர்கள் இருந்தன. சில நாட்களில் திருவனந்தபுரம் கரையிலும் அப்புறம் எங்கள் குமரி மாவட்டக் கரையிலும் வெள்ளை வெள்ளையாக மணிகள் ஒதுங்கத் தொடங்கின. தனுஷ்கோடி வரைக்கும் போனது, இலங்கையின் மன்னார்க் கரைக்கும் போனது. மணல் சலிக்க எங்களோடு வந்தவர்களும், வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களும், மீன் வாங்கத் தயங்கியவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் கரையில் நின்று சொல்வதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

இது என்ன? ஜவ்வரிசியா, உரமா?

பிளாஸ்டிக். குடம், கேரி பேக், தண்ணீர்க் குழாய், நாற்காலி என்று எதைச் செய்வதாக இருந்தாலும் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் இந்த வடிவத்தில்தான் வருகிறது. பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர்கள் ‘தானா’ என்பார்கள். செய்திகளில் ‘நர்டில்’ என்று வருகிறது. எங்கள் ஊரில் எல்லோரும் மணி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இதை உருக்கி அச்சில் வார்த்தால் வாளி, ஊதினால் பை.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பயறு அளவில் இருக்கும், பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர். புதிதாக இருந்தால் பால் வெள்ளை, வெயிலில் தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவும். ஒரு பக்கம் தட்டையாக, மாத்திரையைப் போல இருக்கும். நகத்தால் அழுத்தினால் உடையாது. நசுக்கினால் மாவாகிவிட்டது என்றால் அது மணி இல்லை, வேறு ஏதோ. வெயில் பட்டுப் பட்டு நாளாக ஆக மஞ்சளாகிவிடும்.

இதையும் மைக்ரோபிளாஸ்டிக் என்று சொல்லலாமா?

சொல்லலாம். 5 மில்லிமீட்டருக்குச் சிறிய பிளாஸ்டிக் எல்லாம் மைக்ரோபிளாஸ்டிக்தான். அந்தச் சொல்லை 2004இல் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்ஸன் தன் ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்திய பிறகுதான் அது பரவியது. வண்டி டயர் தேய்ந்து வரும் தூள், பாலியெஸ்டர் துணியைத் துவைக்கும்போது கழன்று போகும் இழை, படகுப் பெயின்ட்டின் செதில், நைலான் வலையின் துணுக்கு இவையெல்லாம் பெரிய பொருள் தேய்ந்து சிறிதானவை. மணி அப்படியில்லை, செய்யும்போதே சிறிதாகச் செய்தது.

நான் இந்த வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கரையில் மணியைப் பார்த்ததும் “ஜனங்க குப்பையைக் கண்ட இடத்துல போடறாங்க, அதான்” என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். இந்த மணியை யாரும் எங்கேயும் போடவில்லை. எந்த வீட்டுக்கும் போகவில்லை, யார் கையிலும் பையாக இருக்கவில்லை. பொருளாக ஆவதற்கு முன்னாலேயே, சரக்காக இருக்கும்போதே கடலில் கொட்டியது. இதற்குத் துணிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது பதில் ஆகாது. துணிப்பையை நானும்தான் எடுத்துப் போகிறேன், அது வேறு விஷயம். இங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் சரக்கை அனுப்பியவர்களும் ஏற்றியவர்களும் கப்பலை ஓட்டியவர்களும்தான்.

ஒரு மூட்டை உடைந்தால் எவ்வளவு மணி?

ஒரு மணி சுமார் 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 25 கிலோ மூட்டையில் கட்டுகிறார்கள். அப்படியானால் ஒரு மூட்டையில் பத்து லட்சம் மணி. ஒரு பெரிய கண்டெய்னரில் 25 டன் வரை ஏற்றலாம், அதாவது ஆயிரம் மூட்டை. இந்தக் கணக்கைக் கரையில் ஒரு குச்சியால் மணலில் எழுதிக் காட்டினால்தான் ஆட்களுக்குப் புரிகிறது. ஒரு நாள் முழுக்க முப்பது பேர் குனிந்து நிமிர்ந்து சலித்து இரண்டு மூட்டை சேர்த்தோம் என்று சந்தோஷப்படும்போது, இருபது லட்சம் மணியை எடுத்திருக்கிறோம் என்பதும் உண்மை, அது ஒரு கண்டெய்னரில் ஐந்நூறில் ஒரு பங்கு என்பதும் உண்மை.

இதற்கு முன்னால் எங்கேயாவது இப்படி நடந்திருக்கிறதா?

பக்கத்திலேயே நடந்தது. 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல். உலகத்தில் இதுவரை பதிவான பிளாஸ்டிக் மணிக் கசிவுகளில் அதுதான் மிகப் பெரியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அது புத்தம் புதிய கப்பல், அந்த ஆண்டுதான் ஓட்டத்துக்கு வந்தது. 1,486 கண்டெய்னர்கள், அதில் 25 டன் நைட்ரிக் அமிலம். அமிலம் ஏற்றிய கண்டெய்னர் ஒன்று வழியிலேயே கசியத் தொடங்கிவிட்டது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டார்கள், இரண்டு இடத்திலும் நடக்கவில்லை. கசியும் கண்டெய்னரோடு கொழும்புக்கு வந்து நங்கூரம் போட்ட கப்பலில் மே 20 அன்று தீப்பிடித்தது. மே 25இல் வெடிப்பு, அன்றுதான் மாலுமிகளை வெளியே கொண்டுவந்தார்கள். ஜூன் 2இல் ஆழ்கடலுக்கு இழுத்துப் போகப் பார்த்தபோது பின்பக்கம் தரைதட்டியது, 17ஆம் தேதி முழுதாக மூழ்கியது.

அதில் இருந்த பிளாஸ்டிக் மணி சுமார் 1,680 டன். மேலே போட்ட கணக்கிலேயே பார்த்தால் 6,700 கோடி மணிக்கு மேல். நீர்கொழும்புக்குப் பக்கத்தில் சரக்குவ என்ற கடற்கரை மாதிரி சில இடங்களில் மணலே தெரியாத அளவுக்கு வந்து குவிந்தது. இறந்த ஆமைகளும் டால்பின்களும் கரைக்கு வந்தன. அந்தக் கரையில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். தடை இல்லாத இடத்தில் பிடித்த மீனையும் பயந்துபோய் ஜனங்கள் வாங்கவில்லை. அப்போது கொரோனாக் காலம் வேறு. கடலை நம்பி இருக்கிற ஒரு குடும்பத்துக்கு இதெல்லாம் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயம், அங்கே மணியில் ஒரு பகுதி எரிந்துபோனது. எரிந்தால் காணாமல் போய்விடும் என்று நினைக்காதீர்கள். உருகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கரியும் சாம்பலுமாகக் கட்டி கட்டியாகக் கரை சேர்ந்தது. பார்க்கக் கல் மாதிரியே இருக்கும், கால்பட்டால் நொறுங்கி இன்னும் சிறிதாகும். சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள், எரியாத வெள்ளை மணியைவிட எரிந்த கட்டியில் வேதிப்பொருட்களின் கலவை மும்மடங்கு சிக்கலாக இருந்தது என்று கண்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், கரையில் சேர்த்த மணியை “கொளுத்திப் போட்டா வேலை முடிஞ்சுது” என்று யாராவது தீப்பெட்டியை எடுத்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

வேறு நாடுகளிலும் உண்டு. 2012இல் ஹாங்காங்கில் புயலில் ஆறு கண்டெய்னர் விழுந்து 150 டன், 2017இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் 49 டன்.

கப்பல் மூழ்கினால்தான் மணி வருமா?

இல்லை. தொழிற்சாலை வாசலில், லாரியிலிருந்து இறக்கும் இடத்தில், கிழிந்த மூட்டையிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சம் சிந்துகிறது. மழை வந்தால் சாக்கடை, சாக்கடையிலிருந்து ஆறு, அப்புறம் கடல். இது செய்தியில் வராது.

அமெரிக்காவில் டெக்சாஸ் கரையில் டயேன் வில்சன் என்று ஒரு அம்மா, இறால் பிடிக்கிற குடும்பம். ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் ஆலையிலிருந்து லவாக்கா விரிகுடாவுக்கு மணி வெளியேறுகிறது என்று சொல்லி, தன் ஊர்க்காரர்கள் சிலரோடு வருஷக்கணக்கில் தண்ணீரில் இறங்கி மணியைப் பொறுக்கிப் பொறுக்கி, தேதியும் இடமும் எழுதிப் பையில் போட்டு வைத்தார். அந்தப் பைகள்தான் நீதிமன்றத்தில் சாட்சி. 2019இல் ஆலை 5 கோடி டாலர் கொடுக்கவும் இனி ஒரு மணிகூட வெளியே விடாமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது. கரையில் பொறுக்குகிறவர்களிடம் ஒவ்வொரு பைக்கும் தேதியும் இடமும் எழுதுங்கள் என்று நான் நச்சரிப்பது இவரை மனதில் வைத்துத்தான்.

கேரளாவில் மூழ்கிய கப்பலின் மணி தனுஷ்கோடிக்கு எப்படி வந்தது?

இந்த மணிகள் பெரும்பாலும் பாலிஎதிலின் அல்லது பாலிபுரோபிலின். இரண்டும் கடல்நீரைவிட எடை குறைந்தவை, மிதக்கும். மிதப்பதைக் காற்றும் நீரோட்டமும் கொண்டுபோகும். நீரோட்டத்தை எங்கள் கடற்காரர்கள் நீவாடு என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கேரளக் கரையோரம் நீவாடு தெற்கே இழுக்கும், முனை திரும்பினால் மன்னார் வளைகுடா. மே மாதக் கடைசியில் மூழ்கிய கப்பலுக்கு அதைவிட மோசமான நேரம் இருந்திருக்காது. ஆனி ஆடிக் கடலில் சிறு படகு இறக்கவே முடியாது, அப்படியிருக்க மிதக்கிற மணியை யார் போய் அள்ளுவது?

தொட்டால் ஏதாவது ஆகுமா? பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

புது வெள்ளை மணியைத் தொட்டதால் மட்டும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே கப்பலில் வேறு என்ன இருந்தது என்று பாருங்கள். எல்சா 3இல் கால்சியம் கார்பைடு இருந்தது, அது தண்ணீர் பட்டால் எரியும் வாயுவை விடும். போதாததற்கு எரிஎண்ணெயும் டீசலும். எண்ணெய் வாடை அடிக்கிற மணியையும், கருப்பாக ஒட்டிப்போன கட்டியையும், மூடிய டிரம்மையும் கையால் தொடவே வேண்டாம். போலீஸுக்கோ கடலோரக் காவல் படைக்கோ சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மற்றபடி ரப்பர் கையுறை, செருப்பு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது போதும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நான் கூட்டிப்போவதில்லை. மிட்டாய் மாதிரி இருக்கிறது, வாயில் போட்டுவிடுவார்கள்.

மீன் சாப்பிடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், மீன் விற்கிற அக்காக்களின் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது.

மணி இந்த அளவில் இருக்கும்வரை மீனின் குடலிலும் செவுளிலும்தான் சிக்கும், சதைக்குள் போகாது. நாம் குடலையும் செவுளையும் எடுத்துவிட்டுத்தான் குழம்பு வைக்கிறோம். அதனால் மணியைப் பார்த்துப் பயந்து மீனை விட வேண்டாம் என்பது என் கருத்து, என் வீட்டிலும் நிறுத்தவில்லை. முழுசாகச் சாப்பிடுகிற சின்னக் கருவாட்டைத் தலையும் குடலும் கிள்ளிவிட்டுச் சமையுங்கள். எண்ணெய்க் கசிவு இருக்கிறது, பிடிக்க வேண்டாம் என்று மீன்வளத்துறை ஒரு பகுதியைச் சொன்னால் அது வேறு, அதை மீற வேண்டாம்.

மீனுக்குத்தான் பெரிய கஷ்டம். மீன் முட்டை அளவிலேயே மணி இருப்பதால் இரை என்று நினைத்துக் கொத்துகிறது. வயிறு நிரம்பியது மாதிரி இருக்கும், சத்து ஒன்றும் கிடைக்காது.

நம் உடம்புக்குள் பிளாஸ்டிக் போகிறதா, இல்லையா?

போகிறது. உப்பில் இருக்கிறது, தண்ணீரில் இருக்கிறது, மூச்சுக் காற்றிலும் இருக்கிறது. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு எடுத்த 257 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 150 பேரின் அடைப்பில் பாலிஎதிலின் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் ஆபத்து மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, அந்த மருத்துவர்களும் அப்படிச் சொல்லவில்லை. கவலைப்பட இது போதும்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற “வாரத்துக்கு ஒரு ஏடிஎம் கார்டு அளவு பிளாஸ்டிக் சாப்பிடுகிறோம்” என்பதை மட்டும் அனுப்பாதீர்கள். வாரம் 5 கிராம் என்ற அந்தக் கணக்கு மிக மிக அதிகம் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. தவறான எண்ணைச் சொல்லி ஒருவரைப் பயமுறுத்தினால், அது தவறு என்று அவருக்குத் தெரியும் நாளில் உண்மையான எண்ணையும் நம்பமாட்டார்.

மணியில் விஷம் ஒட்டுகிறது என்கிறார்களே?

ஆமாம். டிடிடி என்ற பூச்சிமருந்து, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்ற பழைய விஷங்கள் தண்ணீரில் கரைய விரும்பாது, எண்ணெய்ப் பசையுள்ள இடத்தைத் தேடும். பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்ததுதானே, பஞ்சு மாதிரி இழுத்து வைத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைவிட லட்சம், பத்து லட்சம் மடங்குவரை மணியில் சேர்ந்திருக்கலாம் என்று 2001இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எவ்வளவு நாள் கடலில் கிடந்ததோ அவ்வளவு சேரும். வெள்ளையைவிட மஞ்சள் மோசம் என்பது அதனால்தான்.

மணலிலிருந்து எப்படி எடுப்பது?

அலை கடைசியாக வந்து தொட்டுவிட்டுப் போன கோடு தெரியும், சருகும் சிப்பியும் வரிசையாகக் கிடக்கும். மணியும் அங்கேதான். கடல் வற்றிய நேரத்தில் போங்கள். அடுத்த ஏற்றத்துக்குள் எடுக்காவிட்டால் மேலே மணல் மூடிவிடும், அப்புறம் அது இருக்கிற இடமே தெரியாது.

காய்ந்த மணல் என்றால் சல்லடை. ஈர மணலைச் சல்லடையில் போட்டு அரைநாளை வீணாக்கியிருக்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒரு வாளியில் முக்கால்வாசி கடல்நீர் எடுத்து, இரண்டு கை மணலைப் போட்டு ஒரு கலக்குக் கலக்கினால் மணல் அடியில் தங்கிவிடும், மணி சட்டென்று மேலே வந்து சுற்றும். டீ வடிகட்டியால் அள்ளிவிடலாம். கூடவே சருகும் மிதக்கும், அதை வீட்டில் உட்கார்ந்து பிரிக்கலாம். கலக்கிய தண்ணீரை மணலிலேயே ஊற்றும்போது வடிகட்டியைக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள், அதில் நாலு மணியாவது போகும்.

அடம்பங்கொடி படர்ந்த இடத்தில் நிறைய சிக்கியிருக்கும். கொடியை இழுக்க வேண்டாம், அதுதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. கையால் துழாவி எடுங்கள். ஜேசிபி வைத்து மேல் மணலை வழித்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. நண்டு வளையும் ஆமை முட்டையும் அதோடு போய்விடும், நான் எதிர்ப்பேன்.

சேர்த்ததை என்ன செய்வது?

குப்பைத்தொட்டியில் போட வேண்டாம், பை கிழிந்து மறுபடி ஓடைக்குத்தான் போகும். கிழியாத சாக்கில் கட்டி, எடை எழுதி, உள்ளாட்சியிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ ஒப்படைத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீட்டு வழக்கில் எத்தனை கிலோ என்பது முக்கியம்.

இழப்பீடு கிடைக்குமா?

இலங்கையைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பேர்ல் உரிமையாளர்களின் பொறுப்புக்கு லண்டன் நீதிமன்றம் 2023இல் 1.9 கோடி பவுண்ட் என்று உச்சவரம்பு வைத்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 24இல் நூறு கோடி டாலர் கொடுக்க உத்தரவிட்டது. கப்பல் நிறுவனம் கொடுக்க மறுத்துவிட்டது. விபத்து நடந்து நாலு ஆண்டுக்குப் பிறகும் நிலைமை இது. எல்சா 3க்காகக் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குமரிக் கரையிலும் அதே மணிதான் ஒதுங்கியது. இங்கே எத்தனை நாள் தொழில் போனது, எத்தனை வலை பாழானது என்பதை ஊர் ஊராக இப்போதே எழுதி வைக்காவிட்டால் பின்னால் கேட்க நம்மிடம் ஒன்றும் இருக்காது.

இதைத் தடுக்கவே முடியாதா?

முடியும், பெரிய விஞ்ஞானமும் தேவையில்லை. ஆபத்தான சரக்குப் பட்டியலில் பிளாஸ்டிக் மணி இல்லை. அதனால் மற்ற சாதாரணச் சரக்கு மாதிரி மேல்தளத்தின் ஓரத்தில்கூட அடுக்கலாம், புயலில் முதலில் விழுவதும் அந்த வரிசைதான். 2024இல் கப்பல் போக்குவரத்துக்கு விதி வகுக்கும் ஐ.நா. அமைப்பான சர்வதேசக் கடல்சார் அமைப்பு சில பரிந்துரைகள் கொடுத்தது: கிழியாத உறையில் கட்டுங்கள், உள்ளே மணி இருக்கிறது என்று ஆவணத்தில் தெளிவாக எழுதுங்கள், முடிந்தவரை மேல்தளத்துக்குக் கீழே வையுங்கள். மூன்றும் நல்ல யோசனை. ஆனால் பரிந்துரை, கட்டாயம் இல்லை. கட்டாயமாக்க வேண்டும், பட்டியலில் சேர்க்க வேண்டும். இலங்கை கேட்டது இதைத்தான், நம் அரசும் அதே மேடையில் அழுத்திக் கேட்க வேண்டும்.

கரையில் பத்து மணிதான் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்ய?

பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுங்கள். தேதி, இடம், அலைக்கோட்டிலா கொடிக்கு அடியிலா என்று எழுதுங்கள். மஞ்சளானது நூறு, இருநூறு சேர்ந்தால் இன்னொன்றும் செய்யலாம். தோக்கியோவில் பேராசிரியர் ஹிதேஷிகே தகாதா 2005இல் தொடங்கிய ‘இன்டர்நேஷனல் பெல்லட் வாட்ச்’ என்ற திட்டத்தில், உலகம் முழுக்கக் கரையோர ஜனங்கள் அனுப்புகிற மணியைச் சோதித்து, எந்தக் கடலில் என்ன விஷம் இருக்கிறது என்று வரைபடம் போடுகிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கையாலோ இடுக்கியாலோ எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, இடமும் தேதியும் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையில் நேராகப் போட வேண்டாம், தாளில்தான் மடிக்க வேண்டும்.